மார்க்கெட் ரேட்டுக்கு ஆதாரம்

மாடம்பாக்கத்தில் பொன்னியக்கா குடியிருந்த வீடு என்ன விலை பெறும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இஸ்திரிக் கடைக்காரருக்குத் தெரியும். தண்ணீர் லாரி ஓட்டுகிறவருக்குத் தெரியும். விற்கிற சிட்டிபாபுவுக்கும் வாங்குகிற பொன்னியக்காவுக்கும் தெரியும். இருவரும் அந்த விலைக்கு ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள். தெரியாதது ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான். கடன் தரவேண்டியது அந்த நிறுவனம்.

நான் மேற்குத் தாம்பரத்தில் தோத்தாத்ரி சாரின் மதிப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். யாராவது வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தால், நேரில் போய் வீட்டை அளந்து, படமெடுத்து, இது இன்ன விலை பெறும் என்று அறிக்கை தயாரிப்பது எங்கள் தொழில். நான் எழுதுவேன், சார் கையெழுத்துப் போடுவார். சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறேன். மாலையில் மதிப்பீட்டாளர் தேர்வு வகுப்புக்குப் போகிறேன். பாடத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. ஆகவே இதில் சிலவற்றை நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். நடந்துகொண்டிருந்தபோது அப்படித்தான் நினைத்தேன். மீதிப் பாடத்தில் இது வரும், அப்போது புரியும் என்று ஒவ்வொரு முறையும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது ஒப்பீட்டு விற்பனை. ஒரு வீட்டின் விலையை அறிய, அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீடுகள் சமீபத்தில் என்ன விலைக்குப் போயின என்று பார்க்க வேண்டும். அந்த வீடு பெரியதென்றால் கொஞ்சம் கழி, சிறியதென்றால் கொஞ்சம் கூட்டு. இவ்வளவுதான். கத்தரிக்காய் வாங்குகிற எல்லோரும் செய்வது. இதற்கு எதற்கு மாலை வகுப்பு என்று அன்று தோன்றியது. அது என் அறியாமை.

பொன்னியக்கா கானத்தூர் குப்பத்தைச் சேர்ந்தவர். மகளின் பள்ளிக்காக மாடம்பாக்கம் வந்து, சிட்டிபாபு வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, பக்கத்துச் சாலையில் மீன்கடை போட்டிருந்தார். கணவர் கங்காதரன் கடலுக்குப் போகிறவர். ரயில்வேயில் ஓய்வுபெற்ற சிட்டிபாபு, பெங்களூரில் மகன் வினோத்குமாரோடு போய் இருந்துவிடலாம் என்று முடிவுசெய்தபோது, வெளியே யாரிடமும் சொல்வதற்கு முன் பொன்னியக்காவைத்தான் கேட்டார். அக்காவின் நகைகளையும் படகின் எஞ்சினையும் விற்று அட்வான்ஸ் கொடுத்தார்கள். ஆவணி முடிவதற்குள் பத்திரம் பதிய வேண்டும். இல்லையென்றால் அட்வான்ஸ் திரும்பாது, வீட்டை வேறு யாருக்கும் விற்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் போடச் சொன்னது வினோத்குமார். அப்போது வைகாசி. ஆவணிக்கு எவ்வளவோ காலம் இருக்கிறது என்று அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் வீட்டை அளக்கப் போன அன்று மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கங்காதரன் வீட்டில் இருந்தார். டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். பொன்னியக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளந்து முட்ச்சியா மேடம்? வூடு ஒண்ணும் சின்னதாப் பூடலியே?"

இல்லை என்றேன். கடன் எப்போது வரும் என்று கேட்டார். சீக்கிரம் வந்துவிடும் என்றேன். எங்களுக்கு அப்படிச் சொல்லத்தான் பழக்கியிருந்தார்கள்.

அதே பகுதியில் சமீபத்தில் விற்ற மூன்று வீடுகளைக் கண்டுபிடித்தேன். தெருவில் விசாரித்தேன், புரோக்கரிடம் விசாரித்தேன், ஒன்றோடொன்று சரிபார்த்தேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே கணக்கில் வந்தன. ஒப்பந்த விலையும் அதற்குள் பொருந்தியது. ஆதாரம் என்ற கட்டத்தில் 'அக்கம்பக்கத்து விசாரணை' என்று எழுதினேன். தோத்தாத்ரி சார் கையெழுத்துப் போட்டார். அறிக்கை, ஜி.எஸ்.டி. சாலையில் இரும்புலியூர் பக்கம் மாடியில் இருக்கும் அசையா இல்லம் வீட்டுக்கடன் நிறுவனத்துக்குப் போனது.

அங்கே புதிதாக ஒரு பிரிவு திறந்திருந்தார்கள். தரவு மூல உறுதிப்பாட்டுப் பிரிவு. அறிக்கையில் இருக்கும் ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது மட்டும்தான் அதன் வேலை. தலைவர் பெயர் ஷ்யாம்சுந்தர். என்னை நேரில் வரச் சொன்னார். குளிரூட்டிய அறை, நல்ல மனிதர், காபி கொடுத்தார்.

"ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்கு மிருதுளா. வீடு இருக்குன்னு தெரியுது, விலை இருக்குன்னும் தெரியுது. உங்களுக்கு எப்படித் தெரியும்ங்கறதுதான் எனக்குத் தெரியலை."

விசாரித்தேன் என்றேன். யாரை என்றார். சொன்னேன். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அங்கேயே இருப்பவர்கள், தெரியும் சார் என்றேன். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். தகவலாளர் உறுதிமொழி என்று பெயர். விலையைச் சொன்னவரின் பெயர், அடையாள அட்டை, விற்ற வீட்டைப் பின்னணியில் வைத்து அவர் நிற்கும் படம், கையெழுத்து. அவர் அந்த விலையை வேறொருவரிடம் கேட்டறிந்திருந்தால் அந்த வேறொருவருக்கும் ஒரு படிவம். அவரும் இன்னொருவரிடம் கேட்டிருந்தால் அவருக்கும். விற்றவர் அல்லது வாங்கியவர் வரும்வரை இப்படியே போகவேண்டும்.

மறுபடியும் மாடம்பாக்கம் போனேன். இஸ்திரிக் கடைக்காரர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் துணிமேல் வைத்ததையே மறந்துவிட்டார். ஒரு சட்டை போனது. அடுத்த தெரு வீட்டு விலையைச் சொன்னதற்கு என் படத்தை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டார். அன்று மத்தியானத்துக்குள், வருமானவரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து ஊரில் யார் எதை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று எழுதிக்கொண்டு போகிறாள் என்று செய்தி பரவிவிட்டது. நான் நடந்தால் கேட்டுகள் சாத்தப்பட்டன. போன மாதம் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்ன வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

புரோக்கர் மட்டும், அந்த மூன்றில் ஒரு வீட்டை விற்றவரையே பார்த்துவிடுங்கள் என்று முகவரி கொடுத்தார். மனிதர் இப்போது படப்பையில் இருந்தார். பஸ் பிடித்துப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டை எப்படி விற்றார், வாங்கியவர் எவ்வளவு இழுத்தார், கடைசியில் எந்த விலையில் முடித்தார் என்று பெருமையாகச் சொன்னார். நான் சேகரித்து வைத்திருந்த அதே விலை. சந்தோஷத்தில் படிவத்தை எடுத்தேன். அவர் அதை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"நான் எங்கம்மா வீடு வித்தேன்? எனக்கு மாடம்பாக்கத்துல வீடே கிடையாதே."

அவர்மேல் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் வீடு விற்கும் முறை இது: அரசாங்கம் அந்தத் தெருவுக்கு ஒரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. அது நிஜ விலையில் பாதிகூடத் தேறாது. பத்திரத்தில் அதை எழுதி, அந்தப் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்துவிட்டு, மீதியைப் பையில் கொடுப்பார்கள். ஆகவே எழுத்தில் இருக்கும் விலை பொய். நிஜமான விலை எந்த எழுத்திலும் இல்லை. இதை மாலை வகுப்பில் சொல்லித்தரவில்லை. ஆனால் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வகுப்பெடுப்பவரும் சமீபத்தில்தான் வீடு வாங்கியிருந்தார்.

தோத்தாத்ரி சாரிடம் போய் நின்றேன். அவர் பல வருடங்களாகப் பல வங்கிகளுக்கு அறிக்கை கொடுத்தவர்.

"இதுக்கெல்லாம் ஏம்மா அலையறே? அவாளுக்குக் காகிதம் வேணும். சப்ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல பத்திர நகல் வாங்கிக் குடுத்துடு."

வாங்கிக் கொடுத்தேன். மூன்று கிரயப் பத்திரங்களின் சான்றிட்ட நகல்கள், முத்திரையோடு. ஷ்யாம்சுந்தர் சார் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதற்குமேல் ஒரு ஆதாரம் இருக்கமுடியாது என்றார். பிறகு பத்திரங்களில் இருந்த விலையைக் கணினியில் போட்டார். பொன்னியக்காவின் வீடு ஒப்பந்த விலையில் பாதிக்கும் கீழே போய் நின்றது. இதை வைத்துக் கடன் கொடுத்தால் அக்காவுக்குப் பாதி வீடுதான் கிடைக்கும். அதுவும் கிடைக்காது: பாதி விலைக்கான வீட்டை இரண்டு மடங்கு கொடுத்து வாங்குகிறவரின் நோக்கத்தில் சந்தேகம் இருக்கிறது என்று பக்கத்து அறையில் இருந்த இன்னொரு பிரிவு கோப்பில் குறிப்பு எழுதிவிட்டது.

பத்திரத்தில் இருப்பது உண்மையான விலை இல்லை சார், உங்களுக்கும் தெரியும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தெரியும்மா. நான் செம்பாக்கத்துல பிளாட் வாங்கினப்போ நானும் அப்படித்தான் குடுத்தேன். அது உண்மை. ஆனா உண்மை வேற, ஆதாரம் வேற. நீங்க உண்மையைக் கொண்டுவரும்போது ஆதாரம் இல்லை. ஆதாரத்தைக் கொண்டுவரும்போது உண்மை இல்லை. உண்மைக்கு எங்க பிரிவு பொறுப்பு ஏத்துக்க முடியாது."

வீட்டுக்குப் போய் அன்றைய பாடத்தைத் திரும்பப் படித்தேன். நான் ஏதோ ஒரு படியைத் தவறவிட்டிருக்கிறேன் என்றுதான் தோன்றியது. இவ்வளவு பெரிய கட்டடம், இவ்வளவு கணினி, இவ்வளவு படித்தவர்கள். தப்பு என் பக்கம்தானே இருக்கும்.

இதற்குள் ஆடி வந்துவிட்டது. பொன்னியக்கா கடையில் மீன் வெட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"மேடம், இந்த வூட்டு விலைய இந்தத் தெரு நாயக் கேட்டாக்கூடச் சொல்லும். உங்க கம்பெனி மட்டும் இன்னா, கடல்ல மூய்கிப் போன கப்பலத் தேட்ற மாரி தேடிகினு கீது?"

வாங்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. எஞ்சின் இல்லாத படகைக் கரையில் போட்டுவிட்டு, கங்காதரன் தினக்கூலிக்கு வேறொருவர் படகில் போய்க்கொண்டிருந்தார்.

ஆடி மாதத்தில் நிறுவனத்தில் ஆதார வார விழா நடந்தது. அழைப்பிதழ் எங்களுக்கும் வந்தது. வாசலில் கேள்விக்குறி வடிவத்தில் கோலம் போட்டிருந்தார்கள். மிக்சர் பொட்டலத்தில்கூட எந்தக் கடையில் யார் போய் வாங்கியது என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு உறுதிமொழி எடுத்தோம். கண்டதை எழுதமாட்டேன், கேட்டதை நம்பமாட்டேன், இணைப்பில்லாத எண்ணை எந்தக் கட்டத்திலும் இடமாட்டேன். பின்வரிசையில் இருந்த தோத்தாத்ரி சார் வாயை மட்டும் அசைத்தார்.

பிறகு ஷ்யாம்சுந்தர் சார் பேசினார்.

"வெளியில நிறைய பேர் கேக்கறாங்க, உங்க பிரிவு வந்த பிறகு கடன் குறைஞ்சுபோச்சேன்னு. ஆமா, குறைஞ்சிருக்கு. அதைப் பெருமையா சொல்றேன். ஆதாரம் இல்லாத ஒரு கடன்கூட இப்ப கிடையாது. நாங்க நிறுத்திவச்ச கடன்கள்ல இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கூட தவணை தவறினதில்லை. இந்தச் சாதனை இந்த இண்டஸ்ட்ரியிலயே வேற யார்கிட்டயும் இல்லை."

நீண்ட கைதட்டல். நானும் தட்டினேன், பக்கத்தில் எல்லோரும் தட்டியதால்.

அடுத்து சிறந்த ஆதாரத்துக்கான பரிசு. இன்னொரு மதிப்பீட்டாளர், அசரியா என்பவருக்குக் கிடைத்தது. மாடம்பாக்கத்தில் வேறொரு வீட்டுக்காக அவர் கொடுத்த அறிக்கையைத் திரையில் காட்டினார்கள். ஒப்பீட்டு விற்பனைகள் மூன்று. விலைகளைப் பார்த்தேன். அவை நான் கண்டுபிடித்த மூன்று வீடுகள். நான் எழுதிய விலைகள். படங்களும் என்னுடையவை, ஒரு கேட்டுப் படத்தில் மூலையில் என் கட்டைவிரல் தெரிந்தது. ஆதாரம் என்ற கட்டத்தில் 'நிறுவனக் கோப்பில் உள்ள முந்தைய மதிப்பீட்டு அறிக்கை' என்றிருந்தது. அது நிராகரிக்கப்பட்ட என் அறிக்கை. நான் சொன்னபோது செல்லாத விலை, நான் சொன்னதாக இன்னொருவர் சொன்னபோது செல்லுபடியாகியிருந்தது.

அசரியாவை மேடைக்கு வெளியே பிடித்தேன். அவர் வெட்கப்படவில்லை.

"தங்கச்சி, நீ தெருவுல போய்க் கேட்ட. நான் ஃபைல்ல பார்த்து எடுத்தேன். கோச்சுக்காத. இப்ப என் ரிப்போர்ட்டு பிரைஸ் வாங்கின ரிப்போர்ட்டு. நீ என்னைப் போட்டுக்கோ."

இது முறையா என்று எனக்குத் தெரியவில்லை. தோத்தாத்ரி சாரைக் கேட்டேன். அவர் விழாவில் கொடுத்த மைசூர்பாகைச் சாப்பிட்டுக்கொண்டே, ஊரே இப்படித்தான் நடக்கிறது, போட்டுவிடு என்றார். போட்டேன். அதே மூன்று வீடுகள், அதே விலைகள், அதே படங்கள். ஆதாரம்: பரிசு பெற்ற அறிக்கை. மறுநாளே மூன்றும் ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஓட்டமாகப் போய்ப் பொன்னியக்காவிடம் சொன்னேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். என் முடியில் மீன் வாசனை இரண்டு நாள் இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அப்போது ஆவணி பிறந்திருந்தது. கடைசியாக ஒரு நிபந்தனை மிச்சமிருந்தது. ஒப்பீடுகளில் ஒன்றாவது அதே தெருவில் இருக்கவேண்டும். சிட்டிபாபுவின் தெருவில் பல வருடங்களாக யாரும் வீடு விற்கவில்லை. பயப்பட வேண்டாம், கணினி தேடிக் கொடுக்கும் என்று ஷ்யாம்சுந்தர் சார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேடினார். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. பொருத்தம் நூறு சதவீதம். அதே தெரு, அதே மனை அளவு, அதே கட்டட வயது. கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். இந்தப் பிரிவு தொடங்கியதிலிருந்து நூறு வந்ததே இல்லையாம். பக்கத்து மேசைகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

நானும் குனிந்து பார்த்தேன். அது சிட்டிபாபுவின் வீடுதான். வினோத்குமார், ஒருவேளை பொன்னியக்காவுக்குக் கடன் கிடைக்காவிட்டால் என்று, இணையத்தில் விளம்பரம் கொடுத்து வைத்திருந்தான்.

இது அதே வீடு சார் என்றேன். அதனால்தான் இவ்வளவு பொருத்தம் என்றார். ஆனால் முகம் வாடிவிட்டது. விளம்பரம் என்பது விற்பனை ஆகாது, விற்றிருந்தால்தான் ஒப்பிடலாம். பிறகு, எனக்கு உதவுகிறவர் முகத்தோடு சொன்னார்.

"ஒரு வழி இருக்கு. இந்த வீடு மட்டும் வித்துட்டா, இந்த வீட்டுக்கு இதைவிட நல்ல கம்பேரபிள் கிடைக்கவே கிடைக்காது. அந்த அம்மாவை வாங்கி ரிஜிஸ்டர் பண்ணிட்டு வரச் சொல்லுங்க. வாங்கறதுக்கான கடனை நான் உடனே கிளியர் பண்ணிடறேன்."

"வாங்கப் பணம் இல்லாமத்தானே சார் கடன் கேக்கறாங்க."

"அது கிரெடிட் டிபார்ட்மென்ட் பார்க்கவேண்டிய விஷயம்மா. நான் டேட்டா சோர்ஸ் மட்டும்தான்."

படியிறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் வந்து நின்றேன். பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. கோபம் வந்தது. முதல்முறையாக அது என்மேல் வரவில்லை. மீதிப் பாடத்தில் இது வராது. எந்தப் பாடத்திலும் இது வராது. அந்த மாடியில் இருக்கும் யாருக்கும் வீட்டின் விலை தெரியாமல் இல்லை. எல்லோரும் இதே முறையில் வீடு வாங்கியவர்கள். தெரியாதவர்கள்போல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் செம்பாக்கத்துத் தவணை போகிறது.

அங்கிருந்தே வினோத்குமாருக்குப் போன் செய்தேன். ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். என்னால் முடிந்தவரை கெஞ்சினேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். தான் புதிதாக எதுவும் கேட்கவில்லை, அக்ரிமென்ட்டில் எழுத்தில் இருப்பதைத்தான் கேட்கிறேன் என்றான். அவனிடம் ஆதாரம் இருந்தது.

சிட்டிபாபு பொன்னியக்கா வீட்டு வாசலுக்கு வந்து, பையன் கேட்கமாட்டேன் என்கிறான் என்று அழுதார். கங்காதரன் அவருக்கு நாற்காலி போட்டார். அட்வான்ஸ் போனது போனதுதான். ஆவணி கடைசி முகூர்த்தத்தில், படப்பைப் பக்கம் லாரிகள் வைத்திருக்கும் வேறொருவர் வீட்டை வாங்கினார். வழிகாட்டி மதிப்பை வங்கி வழியாகவும் மீதியைப் பையிலும் கொடுத்தார். இரண்டும் சேர்த்து என் முதல் அறிக்கையில் இருந்த விலை. ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிவிட்டார்.

புரட்டாசி முதல் வாரத்தில் எனக்கு நிறுவனத்திலிருந்து இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, பொன்னியக்காவின் கடன் ஒப்புதல் கடிதம். அதே தெருவில் சமீபத்திய விற்பனை ஒன்று கிடைத்துவிட்டதால் கடைசி நிபந்தனையும் நிறைவேறியது என்று அதில் வாழ்த்துத் தெரிவித்திருந்தார்கள். விண்ணப்பதாரரிடம் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரவேண்டும். இன்னொன்று, படப்பைக்காரர் புதிதாக வாங்கிய வீட்டின்மேல் கடன் கேட்டிருக்கிறார், போய் அளக்கவும் என்ற உத்தரவு. இரண்டிலும் ஒரே முகவரி. ஒரே நாளில் முடித்துவிட்டு வா என்றார் தோத்தாத்ரி சார். ஆட்டோ செலவு மிச்சம்.

போனபோது வாசலில் குட்டி யானை வண்டி நின்றிருந்தது. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஏறியிருந்தன. புரட்டாசியில் மீன் வியாபாரம் படுத்துவிடும், கடைக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று கானத்தூருக்கே திரும்பிப் போகிறார்களாம். மகள் அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்கு வரவேண்டும். கடிதத்தை நீட்டினேன். நீட்டாமலே திரும்பியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. பொன்னியக்கா அதைப் பிரிக்காமல் கேட்டார்.

"கடன் வந்துட்ச்சா? எந்த வூட்டுக்கு மேடம்?"

"இந்த வீட்டுக்குத்தான் அக்கா."

அக்கா வீட்டைத் திரும்பிப் பார்த்தார். கடிதத்தைக் கங்காதரனிடம் கொடுத்தார். அவர் அதை நாலாக மடித்து, கிரைண்டர் ஆடாமலிருக்க அதன் அடியில் செருகினார்.

"நீ மொத மொத இன்னா விலை எய்துன?"

சொன்னேன்.

"லாரிக்காரரு குட்த்ததும் அதான். அப்போ நீ சரியாத்தான் சொல்லிகீற."

"ஆமா அக்கா."

"அப்புறம் இன்னாத்துக்கு எங்கள இவ்ளோ பேஜார் பண்ணீங்க?"

அதற்குள் படப்பைக்காரர் காரிலிருந்து இறங்கி வந்துவிட்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். தன்னிடம் பத்திரம் இருக்கிறது, இன்னொரு மதிப்பீட்டாளர் எழுதிக்கொடுத்த விலையும் இருக்கிறது, ஆதாரத்துக்குக் குறைவே இல்லை, சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள் என்றார். நான் அளந்தேன். டேப்பின் மறுமுனையை அவருடைய டிரைவர் பிடித்தார். பிறகு முகப்புப் படம். குட்டி யானையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தச் சொன்னார். நகர்ந்தது. பொன்னியக்கா கேட்டருகே நின்றுகொண்டிருந்தார்.

"தள்ளி நில்லும்மா, போட்டோவுல வர்றே" என்றார் படப்பைக்காரர்.

"வர்ட்டுமே. இத்தினி வருசமா இந்தக் கேட்டுலதான நிக்கிறேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீ எடு மேடம்" என்றார்.

எடுத்தேன். படம் நன்றாக வந்தது. அதையே இணைத்து அறிக்கையை அனுப்பினேன். விலை, என் முதல் அறிக்கையில் இருந்த அதே விலை. மாலைக்குள் எல்லாக் கட்டங்களும் பச்சையாகிவிட்டன. ஒன்று மட்டும் சிவப்பு. அதற்கு எதிரே தரவு மூல உறுதிப்பாட்டுப் பிரிவு எழுதியிருந்தது: 'முகப்புப் படத்தில் சொத்துக்குத் தொடர்பில்லாத நபர் ஒருவர் நிற்கிறார். நீக்கிவிட்டு மறுபடியும் அனுப்பவும்.'

படத்தை வெட்டிவிடு, ஒரு நிமிட வேலை என்றார் தோத்தாத்ரி சார். நான் வெட்டவில்லை. பதில் எழுதும் கட்டத்தில், அவர் தொடர்பில்லாதவர் என்ற தகவல் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது, யார் சொன்னார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, தகவலாளர் உறுதிமொழிப் படிவம் ஒன்றையும் இணைத்து, கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சார் என்னோடு பேசுவதில்லை. படிவம் நிரப்பப்பட்டு இன்னும் வரவில்லை.